ஆபரேஷனுக்கு இன்னும் 20 நாள், அப்பா படுத்தே இருக்கலாமா?

கரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மகள் எழுதிய நீண்ட கடிதம் இது. அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றிவிட்டு, சாரத்தை மட்டும் சொல்கிறேன்.

அப்பாவுக்கு 63 வயது, 58 கிலோ. பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர், முப்பது வருடத்துக்கும் மேலாகப் பீடி. இருமல் நிற்காமல் போய், காசநோயாக இருக்கும் என்று சில மாதம் ஓடி, கடைசியில் வலது நுரையீரலின் மேல் மடலில் மூன்றரை சென்டிமீட்டர் கட்டி என்று தெரிந்தது. பயாப்ஸியில் புற்றுநோய் உறுதி. பெட் ஸ்கேனில் வேறெங்கும் பரவியதாகத் தெரியவில்லை. அந்த மடலை எடுத்துவிடலாம், முடிந்தவரை சிறு துளைகள் வழியாகவே செய்கிறோம், தேவைப்பட்டால் விலாப்பக்கம் திறக்க வேண்டிவரும் என்று அறுவை மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆபரேஷனுக்கு 20 நாள் இருக்கிறது.

அதற்கு முன்னால் அப்பாவை ஊதச் சொல்லிப் பரிசோதித்தார்கள், படி ஏறச் சொன்னார்கள், முகமூடி மாட்டி சைக்கிள் மிதிக்கவும் வைத்தார்கள். "செய்யலாம், ஆனால் உடம்பைக் கொஞ்சம் தேற்றிக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லி, மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவி ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். 'தேற்றுவது' என்றால் என்ன என்று யாரும் விளக்கவில்லை. வீட்டில் ஆளுக்கொரு அர்த்தம் எடுத்துக்கொண்டார்கள். அம்மா அப்பாவைக் கட்டிலை விட்டு இறங்கவே விடுவதில்லை, கஞ்சி, ரொட்டி எல்லாம் படுக்கைக்கே போகிறது. மூன்று மாதம் தள்ளிப்போட்டு நன்றாகத் தேறிய பிறகு செய்யலாம் என்கிறான் தம்பி. மாமா கபாலபாதி என்ற மூச்சுப் பயிற்சியின் வீடியோ அனுப்புகிறார், பக்கத்து வீட்டுக்காரர் பலூன் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அப்பாவோ சாயங்காலம் டீக்கடைப் பக்கம் போய் யாருக்கும் தெரியாமல் இரண்டு பீடி குடித்துவிட்டு வருகிறார். கேட்டால், "இப்ப விட்டா சளி கட்டிக்கும், அது இன்னும் ஆபத்து" என்கிறாராம். கடைசியாக அந்த மகள் கேட்டது: "மூன்றில் ஒரு பங்கு நுரையீரல் போன பிறகு அப்பா ஆக்சிஜன் சிலிண்டரோடுதான் வாழ வேண்டுமா?"

சகோதரி, பதினெட்டு வருடமாக நுரையீரல் நோயாளிகளுக்குப் பிசியோதெரபி செய்துவருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிய கவலை கட்டி இல்லை, அதை அறுவை மருத்துவர் பார்த்துக்கொள்வார். எனக்குக் கவலை அந்தக் கட்டில்தான்.

மூன்றில் ஒரு பங்கு போய்விடாது

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று தெரிகிறது. வலது நுரையீரலில் மூன்று மடல், இடதில் இரண்டு. மூன்றில் ஒன்று போகிறது என்றதும் நீங்கள் மூன்றில் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டுவிட்டீர்கள். மடல்கள் எல்லாம் ஒரே அளவு கிடையாது. மருத்துவர்கள் இதை இன்னும் சின்ன கூறுகளாக எண்ணுவார்கள்: இரண்டு பக்கமும் சேர்த்து 19 கூறு, வலது மேல் மடலில் இருப்பது அதில் 3. ஆகவே போவது 19-ல் 3, அதாவது ஆறில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு.

நீங்கள் அனுப்பிய ஊதும் பரிசோதனை அறிக்கையில், முதல் ஒரு நொடியில் அப்பா வெளியேற்றும் காற்று அவர் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதில் 68 சதவீதம் என்று இருக்கிறது. 68-ஐ 16-ஆல் பெருக்கி 19-ஆல் வகுத்தால் சுமார் 57. ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்கு மிஞ்சும் என்று எதிர்பார்க்கும் அளவு இது. 60-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் மேற்கொண்டு சோதிக்காமலே போய்விடுவார்கள், ஆனால் ரத்தத்துக்குள் ஆக்சிஜன் எவ்வளவு போகிறது என்ற அளவும் சேர்ந்து 60-க்கு மேல் இருக்க வேண்டும். அப்பா கொஞ்சம் கீழே இருந்ததால்தான் படி ஏறச் சொன்னார்கள். அந்தச் சோதனையில் 22 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட ஏழு மாடி, ஏறிவிட்டால் தேர்ச்சி. அப்பா நான்காம் மாடியில் நின்றுவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் அடுத்து சைக்கிள். அதில் கிடைத்த எண் 14: கடும் உழைப்பில் ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 14 மில்லி ஆக்சிஜனை அவர் உடம்பு பயன்படுத்துகிறது. 20-க்கு மேல் என்றால் ஆபத்து குறைவு, 10-க்குக் கீழே என்றால் வேறு வழி யோசிப்பார்கள். அப்பா நடுவில் நிற்கிறார்.

இந்த 14-ஐத் தீர்மானிப்பது நுரையீரல் மட்டும் என்று நினைக்காதீர்கள். இதயமும் ரத்தமும் தொடைத் தசையும் சேர்ந்துதான் அந்த எண் வருகிறது. பீடியால் கெட்டுப்போன நுரையீரலை 20 நாளில் புதிதாக்க யாராலும் முடியாது. காலைப் பலப்படுத்த முடியும். அம்மா அன்பால் செய்வது அதற்கு நேர் எதிர்வேலை, வயதானவர் படுத்தே கிடந்தால் தொடைச் சதை ஒரு வாரத்திலேயே கரைய ஆரம்பித்துவிடும்.

சிலிண்டர் பற்றி: இந்த அளவு மிச்சம் உள்ளவர்களில் பெரும்பாலோர் ஆக்சிஜன் இல்லாமல்தான் வீட்டுக்குப் போகிறார்கள். நுரையீரல் திரும்ப வளராது, ஆனால் மீதமுள்ள மடல்கள் விரிந்து காலியான இடத்தை ஓரளவு நிரப்பிக்கொள்ளும். மாடிப்படியில் முன்பைவிடக் கொஞ்சம் சீக்கிரம் மூச்சு வாங்கும், அதை மறைக்க விரும்பவில்லை.

தம்பி சொல்வது பாதி சரி

ஆபரேஷனுக்கு முன் உடம்பைத் தயார்செய்ய வேண்டும் என்பது சரி. மூன்று மாதம் தள்ளுவது தவறு. கட்டி உங்களுக்காகக் காத்திருக்காது, இன்று ஒரே மடலில் இருப்பது நாளை நிணநீர்க் கணுவுக்குப் போனால் கணக்கே மாறிவிடும். அவ்வளவு நாள் தேவையும் இல்லை. இது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட அலசலில், முன்கூட்டியே உடற்பயிற்சி செய்தவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிந்தைய நுரையீரல் சிக்கல்கள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தன, மருத்துவமனையில் தங்கிய நாளும் குறைந்திருந்தது. ஐந்து ஆய்வுகள், மொத்தமே 167 பேர், அதனால் அந்த எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 2022-ல் பத்து ஆய்வுகளைச் சேர்த்துத் திரும்பப் பார்த்தபோதும் பலன் அதே திசையில்தான் இருந்தது. ஆயுள் கூடும் என்று இவை நிரூபித்துவிடவில்லை, நிமோனியா மாதிரித் தொல்லைகள் குறையும் என்றுதான் சொல்கின்றன. எனக்கு அதுவே போதும். பெரும்பாலான ஆய்வுகளில் பயிற்சிக் காலம் சில வாரம்தான். உங்கள் கையில் 20 நாள் இருக்கிறது. தேதியை மாற்றாதீர்கள்.

இந்த 20 நாளில் என்ன செய்வது

சைக்கிள் சோதனையிலேயே இதயத்தையும் பார்த்துவிட்டார்கள், அறுவை மருத்துவரே தேற்றச் சொல்லியிருக்கிறார், அதனால் தயங்க வேண்டாம். இருந்தாலும் பக்கத்தில் பிசியோதெரபிஸ்ட் இருந்தால் முதல் நாள் அவர் முன்னால் செய்வது நல்லது. அப்பா போடும் ரத்த அழுத்த மாத்திரையை வழக்கம்போல விடாமல் போட வேண்டும்.

முக்கியமானது நடை. காலையும் மாலையும். ஒரே மூச்சில் அரை மணி நடக்கச் சொன்னால் அப்பா இரண்டாம் நாளே விட்டுவிடுவார். ஐந்து நிமிடம் நடக்கட்டும், ஒரு நிமிடம் நிற்கட்டும், அப்புறம் மறுபடி ஐந்து. இப்படி நான்கு சுற்றில் ஆரம்பித்து, நாளாக ஆக நிற்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். எவ்வளவு வேகம் என்பதற்கு எளிய அளவு: நடக்கும்போது உங்களோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. மூச்சுத் திணறலே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து என்று வைத்துக்கொண்டால் மூன்று நான்கில் இருக்கலாம். மூச்சு வாங்குவதைப் பார்த்ததும் அம்மா பதறுவார்கள். வாங்கத்தான் வேண்டும், வாங்காவிட்டால் அது பயிற்சியே இல்லை என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

அடுத்தது கால் பலம். கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, எழுந்து நின்று உட்கார வேண்டும். பத்து தடவை ஒரு சுற்று, நாளுக்கு மூன்று சுற்று. முழங்கால் வலி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் உயரமான நாற்காலி போடுங்கள், அல்லது இரண்டு தலையணை வைத்து உயர்த்துங்கள். சுவரைப் பிடித்துக் குதிகால் உயர்த்தி இறக்குவதும் நல்லது. இரண்டு கையிலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை வைத்துத் தோளுக்கு மேலே தூக்கி இறக்கப் பழக்குங்கள், ஆபரேஷனுக்குப் பிறகு இறுகிப்போவது வலது தோள்தான். நெஞ்சு வலி, தலைச்சுற்றல், இருமலில் ரத்தம், அல்லது விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 88-க்குக் கீழே இறங்கினால் அங்கேயே நிறுத்தி மருத்துவரை அழையுங்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன், இங்கேதான் பத்தியம் என்ற பெயரில் நிறைய வீடுகளில் தப்பு நடக்கிறது. முட்டை சூடு, தயிர் சளி, மீன் ஆகாது என்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெறும் கஞ்சியும் ரொட்டியும் கொடுத்தால், நடந்து என்ன பிரயோசனம், தசை எதிலிருந்து வரும்? அவர் எடைக்கு நாளுக்கு 70 கிராமாவது புரதம் வேண்டும். ஒரு முட்டையில் ஆறு கிராம், நூறு கிராம் மீனில் இருபது கிராம் பக்கம், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் பன்னிரண்டு. மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள், அப்படி எதுவும் நீங்கள் எழுதவில்லை.

பந்து, பலூன், கபாலபாதி

அந்த மூன்று பந்துக் கருவியை அப்பா 'நன்றாக ஊதுகிறார்' என்று எழுதியிருக்கிறீர்கள். பத்து வீட்டில் ஆறு ஏழு வீட்டில் இப்படித்தான் நடக்கிறது, பெயரே 'ஊதுற மெஷின்' ஆகிவிட்டது! அது ஊதுவதற்கு இல்லை, உறிஞ்சுவதற்கு. நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை வெளியே விட்டுவிட்டு, குழாயை உதட்டால் இறுகக் கவ்வி, இளநீரை ஸ்ட்ரா வைத்துக் குடிப்பது போல மெதுவாக உள்ளே இழுக்க வேண்டும். கருவியில் 600, 900, 1200 என்று போட்டிருப்பது இழுக்கும் வேகம். மூன்று பந்தையும் பட்டென்று தூக்கிக் காட்டுவது வீரம்தான், பலன் குறைவு. இரண்டு பந்தை ஏற்றி, மூன்று நொடி மூச்சை நிறுத்தி, அப்புறம் விடுவது மேல். இந்தக் கருவியால் மட்டும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது, நடைக்கு மாற்றாக இதை நினைக்கவே கூடாது. காரில் போகிறவர் ஹார்ன் அடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் ஊர் வந்து சேருமா?

பலூனை ஓரமாக வையுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு வரும் தொல்லை சின்னச் சின்னக் காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்வது, அதைத் திறக்க உள்ளே இழுக்கும் மூச்சு வேண்டும். பலூன் செய்வது எதிர்த்திசை வேலை. வெட்டித் தைத்த இடத்தில் காற்றுக் கசிவு இருக்கும்போது அடைத்த வாயோடு அழுத்தி ஊதுவது நல்லதும் இல்லை. கபாலபாதி, பஸ்திரிகா மாதிரி வேகமான மூச்சுப் பயிற்சிகளும், மூச்சை நீண்ட நேரம் அடக்கும் கும்பகமும் இப்போதைக்கு வேண்டாம் என்று மாமாவிடம் என் பெயரைச் சொல்லியே மறுத்துவிடுங்கள். பிராணாயாமம் செய்தால் மனசு அமைதியாகிறது என்றால், மூக்குத் துளைகளை மாற்றி மாற்றி, மூச்சைக் கட்டாமல் மெதுவாகச் செய்யும் நாடி சுத்தி செய்யட்டும், தடையில்லை.

பலூனுக்குப் பதிலாக ஒன்றைக் கற்றுக்கொடுங்கள். மூன்று நான்கு ஆழ்ந்த மூச்சு, பிறகு கொஞ்சம் சாதாரண மூச்சு, பிறகு வாயை நன்றாகத் திறந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆவி விடுவோமே அது மாதிரி 'ஹா' என்று வேகமாக வெளியே விடுவது. இருமுவதைவிட வலி குறைவு, சளியை மேலே கொண்டுவந்துவிடும். தையல் போட்ட பிறகு வலியில் துடிக்கிறவருக்கு இதைப் புதிதாகச் சொல்லிக்கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். இப்போதே பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பீடி

இப்போது விட்டால் சளி கட்டும் என்று அப்பா சொல்வது முழுக்கக் கற்பனை இல்லை, ஒரு காலத்தில் சில மருத்துவர்களே அப்படிப் பயந்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் அந்தப் பயத்தை உறுதிசெய்யவில்லை. நான்கு வாரத்துக்கு முன்பே விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அதற்காக இன்றைக்கு விடுவது வீணாகிவிடாது. பீடிப் புகையின் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, விட்ட ஓரிரு நாளில் அது இறங்கிவிடும். சில நாள் சளி கூடுவதுபோல் இருக்கலாம், அதற்குத்தான் அந்த 'ஹா'.

அவரைத் திட்டாதீர்கள். 1933-ல் அமெரிக்காவில் எவார்ட்ஸ் கிரஹாம் என்ற அறுவை மருத்துவர், நுரையீரல் புற்றுநோய்க்காக ஒரு நோயாளியின் இடது நுரையீரலை முழுதாக எடுத்தார். அந்த நோயாளியும் ஒரு மருத்துவர்தான், ஒற்றை நுரையீரலோடு அதன்பின் சுமார் 30 ஆண்டு வாழ்ந்தார். நெடுங்காலம் புகைபிடித்த கிரஹாம் 1957-ல் அதே புற்றுநோயில் இறந்தார், நோயாளி அவருக்குப் பின்னும் உயிரோடு இருந்தார். புகைபிடிப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டிய முக்கியமான ஆய்வு ஒன்றைச் செய்தவர்களில் இதே கிரஹாமும் ஒருவர் என்பது இதில் இன்னொரு விசித்திரம். அப்பாவிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள், ஒரு நுரையீரலே போனாலும் வாழலாம் என்ற தைரியமும் வரும், மற்றதும் தானாகப் புரியும். தொலைபேசியில் உதவ 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது. நிகோட்டின் சூயிங்கம் வேண்டுமா என்று மயக்க மருத்துவரிடம் கேளுங்கள், அவரிடம் பீடியை மறைக்கவே கூடாது.

ஆபரேஷன் முடிந்த பிறகு

நெஞ்சில் குழாய், கையில் ஊசி, எல்லாம் இருக்கும். அதைப் பார்த்து நீங்களே அவரைப் படுக்க வைத்துவிடுவீர்கள் என்று பயப்படுகிறேன். பிரச்சினை இல்லாமல் முடிந்தால் அன்று மாலையோ மறுநாள் காலையோ உட்கார வைப்பார்கள், 24 மணி நேரத்துக்குள் நடக்கவைக்கப் பார்ப்பார்கள். குழாயின் பாட்டிலை நெஞ்சு மட்டத்துக்குக் கீழேயே பிடித்துக்கொண்டு நடக்கலாம், குழாயை நீங்களாக மடக்கவோ கிளிப் போடவோ கூடாது. அட்மிஷன் அன்றே கேட்டுவிடுங்கள்: முதல் நாள் பிசியோதெரபிஸ்ட் வருவாரா, ஞாயிற்றுக்கிழமை வருவாரா, வராவிட்டால் யார் நடக்க வைப்பார்கள்? இப்படிக் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்காதீர்கள், இது உங்கள் உரிமை. அறிக்கைகளின் நகலும் அப்படித்தான், கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளிலேயே இருக்கிறது.

வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதில் நம் ஆண்களுக்கு ஒரு பெருமை உண்டு. நெஞ்சு ஆபரேஷனில் அது வேண்டாம். வலித்தால் இரும மாட்டார், இருமாவிட்டால் சளி தங்கும், தங்கினால் நிமோனியா. வலி மருந்து கொடுத்து அரை மணி கழித்துப் பயிற்சி, தலையணையை வெட்டுப்பட்ட பக்கம் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமல். விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை பத்து ஆழ்ந்த மூச்சு. வலது கையை இடது கையால் பிடித்துத் தலைக்கு மேல் தூக்குவதை எப்போது தொடங்கலாம் என்று முதல் நாளே கேளுங்கள், பெரும்பாலும் உடனே என்றுதான் சொல்வார்கள். தலை வாரிவிடுவது, சாதம் ஊட்டுவது எல்லாம் வேண்டாம். அவரே செய்யட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு, கடைசி நாள் வார்டில் எவ்வளவு நடந்தாரோ அங்கிருந்து தொடர வேண்டும். விலாப்பக்கம் திறந்து செய்திருந்தால் ஆறு வாரத்துக்குக் கனமான பொருள் தூக்குவதில்லை, தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் எதுவும் கூடாது, மற்றபடி அறுவை மருத்துவர் சொன்னபடி. விலாவிலும் மார்பின் முன்பக்கமும் மரத்துப்போனது மாதிரி, எரிவது மாதிரி சில மாதம் இருக்கலாம், விலா இடுக்கு நரம்புகளின் வேலை அது, நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தமில்லை. மேற்பார்வையோடு எட்டு வாரம் மறுவாழ்வுப் பயிற்சி கிடைத்தால் சேருங்கள். ஆபரேஷனுக்குப் பின் பயிற்சி செய்தவர்கள் ஆறு நிமிட நடையில் மற்றவர்களைவிடச் சராசரியாக 57 மீட்டர் கூடுதலாக நடந்ததாக 2019-ல் வந்த இன்னொரு காக்ரேன் அலசல் சொல்கிறது. பாத்ரூமுக்கு மட்டும் நடக்கிற மனிதருக்கும் தெருமுனை வரை போய்வருகிற மனிதருக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய அவ்வளவுதான். எடுத்த மடலின் பரிசோதனை முடிவைப் பார்த்துக் கீமோ என்று சொன்னாலும் நடையை நிறுத்த வேண்டாம், சோர்வான நாளில் குறைத்துக்கொள்ளலாம்.

திடீரென்று மூச்சுத் திணறல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலி, காய்ச்சலோடு மஞ்சள் பச்சை நிறச் சளி, இருமலில் புது ரத்தம், கழுத்திலோ மார்பிலோ தோலைத் தொட்டால் நொறுநொறுவென்று இருப்பது, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அம்மாவையும் கொஞ்சம் கவனியுங்கள். இத்தனை நாள் அவர்களுக்குத் தெரிந்த ஒரே உதவி படுக்க வைத்துப் பார்த்துக்கொள்வது, அதை நாம் பிடுங்கிவிட்டோம். பதிலுக்கு வேறு வேலை கொடுங்கள்: நடையை எண்ணுவது, சுண்டல் வேகவைப்பது, பந்துக் கருவியில் மூன்று நொடி சொல்வது. நாளைக் காலை ஆறு மணிக்கு இரண்டு பேரையும் சேர்த்தே நடக்க அனுப்புங்கள். டீக்கடை இருக்கும் பக்கம் வேண்டாம், எதிர்ப்பக்கம்.